வடக்குச் சுவர்

8 ஒக்டோபர் 2022, சனி

இன்று பதினொரு வரி எழுதினேன். நேற்று ஏழு. தவமணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்றாள். வடிவாயிருக்கு! எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்?

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது குசினி மேசையில் வைத்து இவள்தான் எனக்கு 'அ' எழுதிக் காட்டினாள். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மீன்பிடி வள்ளம் ஏறினவன் நான். அதன்பிறகு இந்த ஹனோவரில் ஹோட்டல் குசினி ஒன்றில் முப்பத்தொரு வருடம் தட்டுக் கழுவினேன். கடிதம், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எனக்காக வாசித்தவை தவமணியின் கண்கள்தான். இப்போது என் கையிலும் பேனை இருக்கிறது. ஒரு வரி எழுதி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். ஆறட்டும்.

ரீவியில் எப்போதும் எரிவாயுக் கதைதான். ரஷ்யாவில் இருந்து வராதாம். வீட்டு நிர்வாகமும் கடிதம் போட்டிருக்கிறது: சூடாக்கும் கட்டணம் கூடப்போகிறது, சிக்கனமாக இருங்கள் என்று.

12 ஒக்டோபர், புதன்

படுக்கை அறை ஹீற்றரை நிற்பாட்டினேன். படுக்கத்தானே அந்த அறை. போர்வை இருக்கிறது.

16 ஒக்டோபர், ஞாயிறு

இன்று நல்ல வேலை செய்தேன். எங்கள் படுக்கை அறை வடக்குப் பக்கத்து மூலை. போன வருடம் நிர்வாகத்தார் புது யன்னல் போட்டார்கள். அப்படியிருந்தும் கையை வைத்துப் பார்த்தால் விளிம்பில் சில்லென்கிறது. அகலமான பிசின் ரேப் வாங்கி வந்து நாலு பக்கமும் ஒட்டினேன். கீழே தவமணியின் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்து அடைத்தேன். ஒரு ஊசி போக இடமில்லை.

தவமணி கதவடியில் நின்று பார்த்தாள். "மூச்சு விடவெண்டாலும் ஒரு ஓட்டை விடுங்கோவன்."

"நீ கதைக்காமல் இருந்தால் உள்ள காத்துக் காணும்" என்றேன். சுருட்டி வைத்திருந்த இன்னொரு சேலையால் அடித்தாள்.

28 ஒக்டோபர், வெள்ளி

தவமணிக்குத் தடிமன். இருமல். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. பின்னேரம் சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, தமிழ்க் கடையில் வாங்கிய காய்ந்த நொச்சியைப் போட்டு, போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைத்தேன். முகம் முழுக்க வியர்த்து வெளியே வந்தாள். "கொஞ்சம் லேசாயிருக்கு" என்றாள்.

6 நவம்பர், ஞாயிறு

இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆவி. பானையைக் குசினியில் இருந்து தூக்கிக்கொண்டு வருவதற்குள் சூடு போகிறது என்று சின்னக் கரண்ட் அடுப்பைப் படுக்கை அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். ஒரு மணித்தியாலம் கொதித்தால் அறையும் சூடாகிவிடுகிறது. ஹீற்றர் இல்லாமல்! யன்னலெல்லாம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். அதில் விரலால் 'தவமணி' என்று எழுதினேன். அவள் பார்த்துச் சிரித்தாள். சிரிக்க, இருமல் வந்துவிட்டது.

நான் வேலைக்குப் போன காலத்தில் பின்னேரங்களில் வீட்டில் இருந்ததில்லை. இப்போது அவளுக்கு ஒன்றைச் செய்ய முடிகிறது. நன்றாக இருக்கிறது, இப்படி.

11 நவம்பர், வெள்ளி

இருமல் கூடிவிட்டது. நொச்சியைக் கூட்டிப் போட்டேன்.

15 நவம்பர், செவ்வாய்

காலமை அவளுக்கு மூச்சு வரேல்லை. உதடு கறுத்துப் போச்சு. நான் 112 அடிச்சன். அம்புலன்ஸ் வந்திட்டுது, நான்

பிறகு எழுதுகிறேன்.

16 நவம்பர், புதன்

ஆசுபத்திரியில் ஒட்சிசன் போட்டிருக்கிறார்கள். கண் திறந்தாள். கதைக்கவில்லை.

19 நவம்பர், சனி

மகள் ஆதிரை கொலோனில் இருந்து வந்தாள். தாய்க்கு மாற்று உடுப்பு எடுக்கப் படுக்கை அறைக்குப் போனவள், அலுமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"அப்பா, இஞ்சை வாங்கோ. இதிலை ஒரு கை பிடியுங்கோ."

இரண்டு பேருமாக அலுமாரியை இழுத்தோம். பின்னால் சுவர், அடியில் இருந்து இடுப்பளவுக்கு, கரிச்சட்டியின் அடி மாதிரி. பூஞ்சணம். தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தவமணியின் தலையணைக்கும் அதற்கும் நடுவில் அந்த அலுமாரி மட்டும்தான் இருந்திருக்கிறது.

"யன்னல் திறந்து விடுறனியளோ?"

"ஓம் பிள்ளை." நான் திரைச்சீலைக்கு முன்னால் நின்றேன். ரேப் தெரியாமல்.

"உள்ளுக்கை உடுப்புக் காயப்போடுறனியளோ?"

"இல்லையே."

"அப்ப இது அவையின்ரை சுவர்ப் பிழைதான். நான் சும்மா விடமாட்டன்." ஒவ்வொரு மூலையாகப் படம் எடுத்தாள். நிர்வாகத்துக்கு எழுதப்போகிறாளாம், வாடகையாளர் சங்கத்தில் சட்டம் தெரிந்தவரோடும் கதைக்கப்போகிறாளாம். அவள் சின்னனில் இருந்தே அப்படி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

ஏன் பொய் சொன்னேன்? தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

22 நவம்பர், செவ்வாய்

பெரிய டொக்டர் ஆதிரைக்குச் சொன்னார், ஆதிரை எனக்குச் சொன்னாள்: நுரையீரலில் அழற்சி. பூஞ்சணம் இருக்கிற வீட்டில் இனி இவ படுக்கக் கூடாது. சுவர் காய்ந்தது என்று தெரிந்தால்தான் அந்த வீட்டுக்குப் போகலாம்.

"அம்மா என்னோடை வரட்டும் அப்பா. பிள்ளையளின்ரை அறையிலை ஒரு கட்டில் போடலாம்."

"நானும்?"

"ஒண்டுதான் போடலாம்." தாயின் போர்வையை இழுத்துவிட்டு, "சுகம் வந்தாப் பிறகும் அங்கையே இருக்கட்டும். இந்தக் குளிருக்கை, இந்த வீட்டிலை, வேண்டாம்" என்றாள்.

தவமணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கில் குழாய். ஒன்றும் சொல்ல ஏலாது அவளுக்கு.

நாற்பத்தைந்து வருடம். ஒரு கட்டில்.

28 நவம்பர், திங்கள்

நகரசபைப் பக்கத்து ஆலோசனை நிலையம் ஒன்றில் இருந்து இலவசமாக ஆள் வந்து வீட்டின் சூட்டையும் ஈரத்தையும் பார்ப்பார்கள் என்று ஆதிரை டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் குறித்துத் தந்திருந்தாள். நேற்றே ரேப்பையெல்லாம் உரித்து, பசையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டேன். சேலைச் சுருளை ஒளித்தேன்.

வந்தவர் பெயர் பீலிக்ஸ். அறுபது தாண்டியவர், முன்பு ஹீற்றர் பூட்டுகிற தொழிலாளி. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த ஒன்றிலேயே எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. சூடு பார்க்கிற, துவக்கு மாதிரி ஒரு கருவியைச் சுவருக்கு நீட்டினார். மூலையில் பத்துப் பாகை. உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று கேட்டார்.

அவர் ஜேர்மனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "ஹேர் நாகமுத்து, பழைய யன்னல் தானாகவே காத்து விட்டது. புதுசு விடாது. இப்ப அறையிலை ஆகக் குளிரான இடம் இந்தச் சுவர்தான். காத்திலை இருக்கிற தண்ணியெல்லாம் இதிலைதான் வந்து குந்தும். இந்தச் சுவருக்குச் சூடு வேணும்."

அறையில் ஹீற்றர் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். இரண்டாவது பொய். இல்லை, உரித்த ரேப்பையும் சேர்த்தால் மூன்றாவது.

தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி தந்தார். அதில் எண் தெரியும். அறுபதுக்குக் கீழே என்றால் நல்லது, மேலே என்றால் ஈரம். கட்டம் போட்ட ஒரு தாளும் தந்தார். காலையும் மாலையும் எண்ணை எழுதவேண்டும். இரண்டு கிழமையில் வருவார்.

எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்துவிட்டார்! அவர் போன பிறகும் அதை நினைத்து ஒருதரம் சிரித்தேன்.

30 நவம்பர், புதன்

சுவருக்குச் சூடு வேணும் என்றார். ஹீற்றரைக் கூட்ட எனக்குப் பயம். ஆனால் ஒரு வைத்தியம் எனக்குத் தெரியும்.

அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கரண்ட் அடுப்பை வைத்து, பானை நிறையத் தண்ணீர். நொச்சி இரண்டு பிடி, மஞ்சள் ஒரு கரண்டி, உப்பு. அலுமாரி மேலிருந்து சுவர்வரைக்கும் போர்வையைக் கட்டி, கூடாரம் போலச் செய்தேன். ஒரு மணித்தியாலம் சுவருக்கு ஆவி வேது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன்: சுவர் முத்து முத்தாக வியர்த்து ஒழுகியது. காய்ச்சல் விடும்போது உடம்பு இப்படித்தான் வியர்க்கும். நல்ல குறி. பழந்துணியால் துடைத்தேன், கறுப்பும் கொஞ்சம் வந்தது.

பெட்டியில் 86. ஆவி அடங்க இறங்கும்.

1 டிசம்பர், வியாழன்

காலை 81. இன்னும் ஒருக்கால் பிடித்தால் சரியாகும். பின்னேரம் வைத்தேன். 88.

2 டிசம்பர், வெள்ளி

ஆதிரை தவமணியைக் கொலோனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆசுபத்திரி வாசலிலேயே கார். வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, என்ன?"

"நீ இருமாதை."

வேறு என்ன கதைக்கிறது? பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கார் போய்விட்டது.

3 டிசம்பர், சனி

நேற்று மனம் வரவில்லை, அடுப்பு மூட்டவில்லை. இன்றும் இல்லை. காலை 74. மாலை 70.

ஆவி வைத்த நாள் 86, 88. வைக்காத நாள் 74, 70.

இதைத் திரும்பவும் எழுதினேன். திரும்பவும் அதேதான்.

பிறகு இந்தக் கொப்பியைப் பின்னோக்கி வாசித்தேன். எழுதினதை நான் இதுவரை திரும்பி வாசித்ததில்லை, எழுதுகிறதுதான் சந்தோஷம். இன்றைக்கு விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். ஆறாந் திகதி: ஒவ்வொரு நாளும் ஆவி. யன்னலெல்லாம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். பதினோராந் திகதி: இருமல் கூடிவிட்டது, நொச்சியைக் கூட்டிப் போட்டேன்.

அதன் பிறகு பதினைந்தாந் திகதி.

நானோ? நான்தானோ? ரேப் ஒட்டினது நான். ஹீற்றரை நிப்பாட்டினது நான். பூட்டின குளிர் அறைக்குள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு பானை தண்ணியைக் காய்ச்சி, அந்தத் தண்ணியெல்லாம் எங்கை போச்செண்டு ஒருக்காலும் யோசிக்கேல்லை. அவளின்ரை தலைமாட்டுக்குப் பின்னாலை போயிருக்கு. அவள் இருமினாள், நான் காய்ச்சினன். நான் காய்ச்சினன், அவள் இருமினாள்.

ஐயோ தவமணி.

4 டிசம்பர், ஞாயிறு

பீலிக்ஸின் தாளில் 86 என்று எழுதினால் ஏனென்று கேட்பார். அவர் ஆதிரைக்குச் சொல்வார். ஆதிரைக்குத் தெரிந்தால் தவமணி இந்த வாசலை இனி மிதிக்கமாட்டாள்.

54 என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 55. அடுத்ததில் 53.

எழுத்துப் படித்து இரண்டு வருடம். பொய் எழுதினால் கை இடறும், கோணலாய் வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மிக வடிவாக வந்தது.

7 டிசம்பர், புதன்

உண்மையான எண் 68. தாளில் 54.

9 டிசம்பர், வெள்ளி

66. தாளில் 52. ஆதிரை போன் எடுத்தாள். நிர்வாகத்துக்குச் சட்டக் கடிதம் தயாராகுதாம். "அப்பா ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு எழுதியிருக்கு" என்றாள்.

தாயிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நித்திரையாம்.

12 டிசம்பர், திங்கள்

வெளியே மைனஸ் ஒன்பது. பீலிக்ஸ் வந்தார். தாளை வாசித்தார். துவக்கை நீட்டினார். சுவரில் ஊசிபோல் ஒன்றைக் குத்திப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"காத்து நல்லாயிருக்கு. ஆனால் சுவர் ஊறிப்போய் இருக்கு. அப்ப தண்ணி உள்ளுக்கையிருந்துதான் வருது. குழாய் ஏதும் ஒழுகவேணும். சுவரை உடைச்சுப் பார்க்கவேணும்."

"எப்ப?"

"நிர்வாகம் ஆள் அனுப்பி, உடைச்சு, பூசி, காஞ்சு... பங்குனி. சித்திரையுமாகலாம்."

சித்திரை. இல்லாத குழாயைத் தேடிச் சித்திரை மட்டும். அதற்குள் தவமணி அங்கேயே பழகிவிடுவாள். சுவரைப் பூசித் தந்தபிறகும், எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல், நான் திரும்பவும் ஏதாவது ஒன்றைச் செய்வேன். அவள் திரும்பவும் இருமுவாள்.

அவர் பையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குப் போய் இந்தக் கொப்பியை எடுத்துவந்து மேசையில் விரித்துவைத்தேன்.

தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எண் தெரியுமே. விரலை வைத்துக்கொண்டே வந்தவர் நின்றார். "எண்பத்தாறு. எண்பத்தெட்டு." தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்டைக்கு இந்த அறையிலை என்ன நடந்தது?"

"சுவருக்கு ஆவி பிடிச்சனான்."

"என்ன?"

"சுவருக்குச் சுகமில்லை. அதுதான்." என் குசினி ஜேர்மனில் இதற்கு மேல் வரவில்லை. போர்வையைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக் காட்டினேன். பானையைக் காட்டினேன். நொச்சிப் பையை மணக்கக் கொடுத்தேன்.

மனிதர் கதிரையில் இருந்துவிட்டார். சிரித்தார், சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "முப்பத்தெட்டு வருசம் இந்த வேலை. சுவருக்கு வைத்தியம் பார்த்த ஆளை..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"மனிசிக்கும் இதே அறையிலையோ?"

"ஓம். மூண்டு கிழமை. ஒவ்வொரு நாளும்."

எழும்பிப்போய் யன்னலை விரியத் திறந்தார். எவ்வளவு குளிர்! யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே சொன்னார்: "குழாய் ஒழுகேல்லை. அது நல்ல செய்தி. சித்திரை மட்டும் காத்திருக்கத் தேவையில்லை."

பிறகு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார், எழுதுங்கோ என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதி முடிக்குமட்டும் பொறுத்திருந்தார். ஹீற்றரை ஒருபோதும் முற்றாக நிற்பாட்டக்கூடாது. அதன் குமிழை இரண்டரையில் வைத்தால் நாள் முழுக்கச் சுவர் இளஞ்சூடாக இருக்கும். நான் கரண்ட் அடுப்பில் எரித்த காசுக்கு ஹீற்றரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கலாமாம். யன்னலைக் கொஞ்சமாகச் சரித்து வைப்பதில் பயனில்லை. ஒரு நாளில் நாலு தடவை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடவேண்டும். ஈரக்காற்று போய்விடும், சுவரின் சூடு போகாது. காய்ந்த காற்று சீக்கிரம் சூடாகும். சமைக்கும்போது குசினிக் கதவு பூட்டு. உடுப்பைக் கீழே நிலவறையில் காயப்போடு. அலுமாரி சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி.

குளிரை உள்ளே விட்டால்தான் வீடு சூடாகும். நான் நேர்மாறாகச் செய்திருக்கிறேன்.

போகும்போது பொய்த் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இது எனக்கு. மகளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

13 டிசம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். போனில். ரேப், ஹீற்றர், ஆவி, தாள் எல்லாம்.

ஆதிரை எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அம்மா பதினேழு நாள் ஆசுபத்திரியிலை கிடந்தவ அப்பா. நான் அங்கை வந்து நிண்டு கேட்டனான். முகத்துக்கு நேர கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"தெரியாமல் செய்தது வேறை. கேக்கேக்கை மறைச்சது வேறை. நான் ஊர் முழுக்கச் சண்டை பிடிச்சுக்கொண்டு திரியிறன்!" அழுதாள். "அம்மாவை அங்கை விடமாட்டன்." வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

15 டிசம்பர், வியாழன்

காலை 67. மாலை 63. ஒருவரும் போன் எடுக்கவில்லை.

18 டிசம்பர், ஞாயிறு

65. 62. ஒருவரும் இல்லை.

காலையில் யன்னலைத் திறந்துவிட்டு அந்தக் குளிருக்குள் நிற்கிறேன். ஆருக்காகத் திறக்கிறேன்? சூடாக்கி, காயவைத்து, ஆரைப் படுக்கவைக்க?

21 டிசம்பர், புதன்

பீலிக்ஸ் நிர்வாகத்தோடு கதைத்திருக்கிறார். புது யன்னல் போட்டபோது சுவரைக் கவனிக்காதது அவர்களுடைய பக்கத்துப் பிழையும்தானாம். பெயின்ற் அடிக்கிற இரண்டு பேர் வந்து சுவர்க் கடதாசியை உரித்து, சுவரை மருந்து போட்டுக் கழுவினார்கள். காய்ந்ததும் சுண்ணாம்பு பூசுவார்களாம்.

60.

24 டிசம்பர், சனி

மழை. கீழ்வீட்டில் பாட்டு. 61. சோறு சமைக்கவில்லை; பாண் சாப்பிட்டேன். எழுத ஒன்றும் இல்லை என்று எழுதுகிறேன்.

31 டிசம்பர், சனி

மார்கழியில் இப்படி ஒரு வெக்கையை நான் இங்கே கண்டதில்லை. சுவெற்றர் இல்லாமல் ஆட்கள் திரிகிறார்கள். யன்னல் திறந்திருந்தபோது போன் அடித்தது. தவமணி! பிள்ளைகள் வெளியே போயிருக்கிறார்களாம்.

"சுவர் எப்பிடி?" அதைத்தான் முதலில் கேட்டாள்.

"சுவர் கிடக்கட்டும். நான்தான் உன்னை..." அதற்குமேல் வரவில்லை.

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. எனக்கு அந்த ஆவிக்குள்ளை மூச்சு முட்டினது. மூண்டாம் நாளே முட்டினது."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? பானையைத் தூக்கிக்கொண்டு வருவியள், முகமெல்லாம் சிரிப்பு. நாப்பத்தைஞ்சு வருசத்திலை ஒரு பின்னேரம் இருந்து எனக்கெண்டு நீங்கள் ஒண்டு செய்ததில்லை. வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்லை." இருமினாள், ஆனால் சின்ன இருமல். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறம். நீங்கள் பிள்ளையிட்டை, நான் உங்களிட்டை."

"நீ அவளுக்குச் சொன்னியோ?"

"சொன்னனான். அதுக்கும் கோவிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் ஒரே ஆக்களாம்."

2 ஜனவரி 2023, திங்கள்

தவமணி சொன்னபடி பெட்டியைப் படம் எடுத்து ஆதிரைக்கு அனுப்பினேன். காலை 57. மாலை 59. பதில் இல்லை. பார்த்தாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் வந்தது.

6 ஜனவரி, வெள்ளி

56, 58. நீலக் கோடு.

9 ஜனவரி, திங்கள்

55, 57. நீலக் கோடு. சுண்ணாம்பு பூசிவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தானே வருகிறது. ஏன் ஒரு சொல் இல்லை? எனக்குத் தெரியும். 54, 55, 53 என்று வடிவாக எழுதினவன் அனுப்புகிற எண்ணை அவள் எப்படி நம்புவாள்? பெட்டியை ஹீற்றரில் வைத்துக்கூடப் படம் எடுக்கலாம்.

11 ஜனவரி, புதன்

கூழ் காய்ச்சினேன். கொலோனுக்குப் போவதானால் எந்த ரயில் என்று நிலையத்தில் விசாரிக்கும் யோசனையில் குசினிக் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். ஒரு மணித்தியாலம் கொதித்திருக்கிறது. அறைக்குப் போய்ப் பார்த்தால் 71!

யன்னலைத் திறந்தேன். பெட்டியைக் கையில் எடுத்தேன். ஐந்து நிமிடம் பொறுத்தால் இறங்கிவிடும், அதன்பிறகு படம் எடுக்கலாம்.

பொறுக்கவில்லை. 71ஐயே எடுத்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு. "ஏன் 71?"

போனில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினேன். அரை மணித்தியாலம் ஆயிற்று. "கூழ் காய்ச்சினேன். கதவு பூட்ட மறந்துவிட்டேன். யன்னல் திறந்திருக்கிறேன்."

"இது ஆர் எழுதினது?"

"நான்."

பிறகு ஒன்றும் வரவில்லை. கூழும் ஆறிப்போனது. எட்டு மணிக்கு ஆதிரை போன் எடுத்தாள். முதலில் அழுதாள். பிறகு, "கூழுக்கு என்ன போட்டனியள்?" என்று கேட்டாள்.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கினேன். குசினிக் கதவு பூட்டி, யன்னல் திறந்து, ஜக்கெற் போட்டுக்கொண்டு. 56.

26 ஜனவரி, வியாழன்

ஆதிரை வந்தாள். சொல்லாமல் வந்தாள். சப்பாத்தைக் கழற்றமுன்னம் நேரே அறைக்குப் போனாள். அலுமாரிக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். தன் பையில் இருந்து இன்னொரு பெட்டியை எடுத்து என்னுடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்துப் பக்கமாக இருந்தோம், ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

என்னுடையது 53. அவளுடையது 54.

"உங்கடை பெட்டி ஒண்டு குறைச்சுக் காட்டுது" என்றாள்.

"அப்ப உன்ரையை எழுதுறன்."

கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னாள். தெற்குப் பக்கம், வெயில் வரும். இந்த அறையில் இனி உடுப்பு மட்டும். இரண்டு பேருமாகத் தள்ளினோம். கதவில் ஒரு கால் சிக்கி, "தூக்குங்கோ அப்பா, இழுக்காதேங்கோ! சொன்னால் கேளுங்கோவன்!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்.

தாயைப்பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

4 பெப்ரவரி, சனி

காலை 7.05. முன்னறை: 61. யன்னல் இரண்டையும் விரியத் திறந்தேன். வெளியே இரண்டு பாகை, காற்று.

7.10. போர்வைக்குள் இருந்து தவமணி: "இஞ்சேருங்கோ, அஞ்சு நிமிசம் எண்டெல்லே சொன்னனியள்?"

7.11. "ஆறு."

7.12. "ஏழு. நான் பிள்ளைக்கு அடிச்சுச் சொல்லப்போறன்."

7.13. பூட்டினேன். 47. இருமல் ஒன்று.